கைத்தொலைபேசியால் ஒரு தலையை அளந்தெடுத்தல்: மருத்துவப் படிமவியலுக்கான நோயாளிசார் ஃபான்டம் செய்முறை

சி.ரி. ஸ்கான் இயந்திரத்தின் கதிரளவைச் சோதிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் நியமப் பொருள் ஓர் அக்ரிலிக் உருளை ஆகும். தலைக்கு 16 சென்ரிமீற்றர் விட்டம், உடலுக்கு 32 சென்ரிமீற்றர் விட்டம் என இரண்டே அளவுகளில் அது வருகிறது. ஓர் இயந்திரத்தை மற்றோர் இயந்திரத்துடன் ஒப்பிடுவதற்கு அது போதும். ஆனால் ஐந்து வயதுச் சிறுமியின் தலையும் எழுபது வயது முதியவரின் தலையும் ஒரே உருளைக்குள் அடங்குவதில்லை. இந்தக் குறையை உணர்ந்தே அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011 இல் வெளியிட்ட 204 ஆம் இலக்க அறிக்கையிலும், 2014 இல் வெளியிட்ட 220 ஆம் இலக்க அறிக்கையிலும், நோயாளியின் பருமனைக் கணக்கிலெடுத்துக் கதிரளவை மதிப்பிடும் முறையை எடுத்துரைத்தது. நோயாளிக்குப் பதிலாக இயந்திரத்தில் கிடத்திப் படமெடுக்கும் மாதிரி உடலையே ஃபான்டம் என்கிறோம். மனித வடிவில் வார்க்கப்பட்ட ஃபான்டங்கள் வெளிநாடுகளில் விற்பனைக்கு உள்ளன என்றாலும், அவற்றைக் கொழும்புக்குத் தருவிக்கும் செலவு ஒரு மாணவருக்கோ சிறிய ஆய்வுக் குழுவுக்கோ கட்டுப்படியாகாது.

கையில் இருக்கும் கைத்தொலைபேசி, ஒரு சாதாரண கணினி, யாரிடமாவது இரவல் பெறக்கூடிய முப்பரிமாண அச்சுப்பொறி ஆகியவற்றைக் கொண்டு, ஒரு குறிப்பிட்ட நோயாளியின் தலை வடிவத்தில் ஃபான்டம் ஒன்றைச் செய்யும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது. படிமவியல் மாணவர்களையும், உயிர்மருத்துவப் பொறியியல் பயில்வோரையும், ஆர்வமுள்ள ரேடியோகிராபர்களையும் மனதிற்கொண்டே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு வரம்பைத் தெளிவாக்க வேண்டும். கைத்தொலைபேசி தோலை மட்டுமே காணும். மண்டையோடு, மூளை, காற்றறைகள் எவையும் அதற்குத் தெரியா. ஆகவே இம்முறையில் கிடைப்பது வெளிவடிவம் சரியாகவும் உள்ளே ஒரே சீரான பொருளாலும் அமைந்த தலை. படமெடுப்பு முறைகளை ஒத்திகை பார்க்கவும், எம்.ஆர்.ஐ. கருவியில் தலையைச் சுற்றி வைக்கப்படும் தலைச்சுருளுக்குள் நோயாளி பொருந்துவாரா என்று பார்க்கவும், பருமனுக்கேற்பக் கதிரளவு மாறுவதை அளக்கவும் அது உதவும். நோயறிதலுக்கு அது உதவாது. உட்புற அமைப்பும் வேண்டுமானால், அந்த நோயாளிக்கு முன்னர் எடுக்கப்பட்ட சி.ரி. படத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்துச் சேர்க்க வேண்டும். அதற்காகப் புதிதாக ஒரு சி.ரி. எடுப்பது, கதிர்வீச்சைத் தவிர்க்கவே கைத்தொலைபேசியைக் கையிலெடுத்தோம் என்பதை மறந்த செயலாகும்.

எந்தத் தொலைபேசி?

2020 இல் வந்த ஐபோன் 12 ப்ரோவிலிருந்து ஆப்பிள் நிறுவனம், ஒளி சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் லிடார் உணரியைத் தன் ப்ரோ வகைத் தொலைபேசிகளில் சேர்த்து வருகிறது. லிடார் என்றதும் பலர் அதுவே துல்லியமானது என்று எண்ணிவிடுகிறார்கள். ஓர் அறையின் நீள அகலத்தை அளக்க அது நல்ல கருவிதான். ஆனால் அதன் ஆழப் படம் 256 × 192 புள்ளிகளே கொண்டது என்பதால், மூக்கின் விளிம்பும் காதின் மடிப்பும் அதில் கரைந்துபோகும். 2017 இல் ஐபோன் பத்துடன் வந்த முகமறியும் முன்கமரா வேறு வகையானது. அது சுமார் 30,000 அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின்மீது வீசி, அவை விழும் இடங்களைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கிறது. முகத்தை மட்டும் அருகிலிருந்து எடுப்பதற்கு அது மிகவும் பொருத்தமானது.

இவை இரண்டும் இல்லாத சாதாரண அன்ட்ரொயிட் தொலைபேசி வைத்திருப்பவர் கவலைப்படத் தேவையில்லை. பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஒளிப்பட அளவியல் முறைக்கு ஒரு நல்ல பின்கமரா போதும். முழுத் தலைக்கும் நான் பரிந்துரைப்பது அதைத்தான். இனி வருவன அனைத்தும் அம்முறையைப் பற்றியவை.

அனுமதியும் அந்தரங்கமும்

முகம் என்பது பெயரைவிடத் தெளிவான அடையாளம். கோப்பிலிருந்து பெயரை நீக்கிவிட்டு முகத்தின் முப்பரிமாண வடிவத்தை வைத்திருந்தால் எதையும் மறைத்ததாகாது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளையும் உயிரளவியல் தரவுகளையும் சிறப்பு வகையாகக் கருதுகிறது. எனவே நோயாளி வாசித்து விளங்கக்கூடிய மொழியில் எழுதிய சம்மதப் பத்திரம், நிறுவனத்தின் அறநெறிக் குழு அனுமதி ஆகிய இரண்டும் கிடைக்குமுன் ஒரு படமும் எடுக்கக் கூடாது. தலைத்துணி அணியும் பெண்களைப் படமெடுக்கத் தனியறையும் பெண் உதவியாளரும் வேண்டும். இதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே முன்கூட்டி ஏற்பாடு செய்தல் முறை.

தொலைபேசியில் செய்ய வேண்டியவையும் உண்டு. படங்கள் தாமாகவே இணையச் சேமிப்பகத்துக்குப் போகும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இடக்குறிப்புப் பதிவையும் நிறுத்த வேண்டும். படங்களைக் கணினிக்கு மாற்ற வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தவே கூடாது. அந்தரங்கம் ஒருபுறமிருக்க, அது படத்தைச் சுருக்கி அனுப்புவதுடன் வில்லையின் குவியத் தூரம் போன்ற கூடவரும் தகவல்களையும் நீக்கிவிடுகிறது. கணிப்புக்கு அத்தகவல்கள் வேண்டும். யூ.எஸ்.பி. வடம் எளிமையானது, பாதுகாப்பானது. இதே காரணத்தால், படங்களைத் தம் சேவையகத்துக்குப் பதிவேற்றி வடிவத்தைத் திருப்பித் தரும் செயலிகளை நோயாளிகள் விடயத்தில் தவிர்க்கிறேன், அவை எவ்வளவு வசதியாக இருந்தாலும்.

படமெடுத்தல்

வேலையின் தரம் முக்காற்பங்கு இந்தக் கட்டத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது; இங்கு விட்ட பிழையைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

என் முதற் பயிற்சிக்கு நான் உரித்த தேங்காயைத் தேர்ந்தெடுத்தேன். தலையைப் போன்ற உருண்டை என்பதுதான் காரணம். வடிவம் அற்புதமாக வந்தது. மறுநாள் நண்பர் ஒருவரின் முகத்தை எடுத்தபோது கன்னமெல்லாம் குண்டும் குழியுமாக வந்தது. ஒரு படத்தில் உள்ள புள்ளியை அடுத்த படத்தில் அடையாளம் காண்பதே இம்முறையின் அடிப்படை. தேங்காயின் நார் ஒவ்வொன்றும் ஓர் அடையாளம்; மழித்த கன்னத்திலோ அப்படி எதுவும் இல்லை. பயிற்சிக்குத் துணிக்கடையில் வைத்திருக்கும் பொம்மைத் தலை சிறந்தது. அதில் வெற்றி பெற்றவருக்கு மனித முகம் எளிது.

தோலுக்கு அடையாளங்களைச் சேர்ப்பதற்கு வெளிநாட்டு வழிகாட்டிகள் விசேட ஒட்டிகளைப் பரிந்துரைக்கின்றன. வெள்ளவத்தையில் எந்த அழகுசாதனக் கடையிலும் கிடைக்கும் ஒட்டுப்பொட்டு அதே வேலையைச் செய்யும். பளபளப்பில்லாத வெல்வெற் வகையைப் பல அளவுகளில் வாங்கி, நெற்றி, கன்னங்கள், நாடி, கழுத்து ஆகிய இடங்களில் இருபது முப்பது பொட்டுகளை ஒழுங்கின்றி ஒட்டவும். ஒழுங்கின்றி என்பதற்குக் காரணம் உண்டு: இடமும் வலமும் சமச்சீராக ஒட்டினால் மென்பொருள் ஒரு பக்கத்தை மறுபக்கமாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆண் நோயாளிகள் சிலர் முதலில் சிரிப்பார்கள். கண்ணாடியைக் காட்டாமல் இருந்தால் போதும். ஒட்டுப் பசை ஒவ்வாதவர்களுக்கு மருந்தகங்களில் கிடைக்கும் மைக்ரோபோர் நாடாவைச் சிறு துண்டுகளாக வெட்டி, பேனாவால் வெவ்வேறு குறிகளிட்டு ஒட்டலாம்.

தலைமுடி அடுத்த சிக்கல். முடி ஒளியை ஒழுங்கின்றிச் சிதறடிக்கும், அசையும், எண்ணெய் தேய்த்திருந்தால் பளபளக்கும். இறுக்கமான நீச்சல் தொப்பியால் முடியை மூடி, தொப்பியின் மீதும் குறிகளை ஒட்டுவதே வழி. நீண்ட கூந்தலைத் தொப்பிக்குள் ஒரே இடத்தில் திரட்டினால் தலைக்குப் பின்னால் இல்லாத ஒரு மேடு உருவாகும் என்பதால், கூந்தலைக் கழுத்துக்குக் கீழே இறக்கிக் கட்டிவிட்டு மேற்பகுதியை மட்டும் மூட வேண்டும். அப்படியும் முடியின் தடிப்பு ஓரளவு சேரும். அதைக் குறித்து வைக்கவும்.

ஒளி சீராகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். வெள்ளைத் திரையிட்ட பெரிய யன்னல் இரண்டு இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. மின்விளக்கில் எடுப்பதானால், நம் நாட்டின் மின்னோட்டம் 50 ஹேட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும் என்பதை நினைவிற்கொண்டு, கமராவின் திறப்பு நேரத்தை 1/100 நொடியாக வைத்தால் படத்தில் கோடுகள் விழா. மின்விசிறியை நிறுத்த வேண்டும். அதன் இறகுகளின் நிழல் முகத்தில் ஓடும். ஆனால் கொழும்பில் விசிறியை நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் நெற்றி வியர்த்துப் பளபளக்கத் தொடங்கிவிடும், பளபளப்போ ஒளிப்பட அளவியலின் பரம எதிரி. குளிரூட்டிய அறை இல்லாவிடில், முகத்தை ஒற்றித் துடைத்துச் சிறிது பவுடர் பூசிய பின் படமெடுக்கவும்.

நோயாளி நாற்காலியில் அமர்ந்து, கண் வைத்தியரிடம் வைப்பதுபோல் நாடியை ஒரு தாங்கியில் வைத்துக்கொள்ளட்டும். கண்களை மூடி, வாயை மூடி, மூக்கால் அமைதியாகச் சுவாசிக்கச் சொல்லவும். நாற்காலியைச் சுழற்றக் கூடாது. சுழற்றினால் தலை திரும்பும்போது பின்னணி திரும்பாமல் நிற்க, மென்பொருள் எதை நம்புவது என்று தடுமாறும். சுற்றி வர வேண்டியவர் படமெடுப்பவர்தான். கண்மட்டத்தில் ஒரு சுற்று, மேலிருந்து கீழ்நோக்கி ஒரு சுற்று, கீழிருந்து நாடியையும் மூக்குத் துவாரத்தையும் நோக்கி ஒரு சுற்று. ஒவ்வொரு 15 பாகைக்கும் ஒரு படம் என்றால் சுற்றுக்கு 24 படங்கள், மொத்தம் 72. இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகவும். அதற்கு மேல் யாராலும் அசையாமல் இருக்க இயலாது, சிறுவர்கள் ஒரு நிமிடம் இருந்தாலே பெரிது.

குவியத்தையும் ஒளியளவையும் பூட்டி வைக்கவும். அழகூட்டும் வடிகட்டி, பின்னணியை மங்கலாக்கும் முறை, அகலக்கோண வில்லை ஆகியவற்றை நிறுத்தவும். முன்கமராவைப் பயன்படுத்துவோர் மற்றுமொரு பொறியைக் கவனிக்க வேண்டும்: சில தொலைபேசிகள் தற்படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் சேமிக்கின்றன. அப்படிச் செய்த ஃபான்டத்தில் வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்தில் இருக்கும்; மருத்துவத்தில் இந்தப் பிழை சிறியதன்று. வலது கன்னத்தில் மட்டும் ஒரு பச்சைப் பொட்டு என்று வழக்கப்படுத்திக்கொண்டால் எப்போதும் சரிபார்க்கலாம்.

கதிர்ச்சிகிச்சையில் தோலின்மீது வைக்கும் போலஸ் எனப்படும் தடிப்பு மூடி போன்றவற்றுக்கு இதே முறையைப் பயன்படுத்த விரும்புவோர், நோயாளியைச் சிகிச்சையின்போது கிடக்கும் அதே நிலையில் கிடத்தியே படமெடுக்க வேண்டும். அமர்ந்திருக்கும்போது தொங்கும் கன்னம் மல்லாந்து படுக்கும்போது காதுப்பக்கம் சரியும். அந்த வேறுபாடு போலஸுக்கும் தோலுக்கும் இடையே காற்றிடைவெளியாக மாறும். நோயாளியின் உடலில் நேரடியாகப் பயன்படும் எதுவும் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தின் கீழான மருத்துவ சாதனம் என்ற கேள்விக்குள் வந்துவிடும் என்பதால், அது தனியாகப் பேச வேண்டிய விடயம்.

அளவுகோல்

ஒளிப்பட அளவியல் வடிவத்தைத் தரும், அளவைத் தராது. கணினிக்கு அது தலையா, தலை வடிவிலான எலுமிச்சங்காயா என்று தெரியாது. உண்மை நீளம் தெரிந்த ஒரு பொருள் படங்களுக்குள் இருந்தால் மட்டுமே மில்லிமீற்றர் பிறக்கும்.

நாடித் தாங்கிக்கு இருபுறமும் 300 மில்லிமீற்றர் உருக்கு அளவுகோல்கள் இரண்டை முகமட்டத்தில் அசையாதபடி நிறுத்தவும். நீளமான கோல் ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். கோலின் முனைகளைத் திரையில் குறிக்கும்போது அரை மில்லிமீற்றர் பிழை நேர்கிறது என்று கொள்வோம். கோல் 50 மில்லிமீற்றர் நீளமென்றால் அது ஒரு சதவீதம். 190 மில்லிமீற்றர் நீளமான தலையில் 1.9 மில்லிமீற்றராக வளர்ந்துவிடும். கோல் 300 மில்லிமீற்றர் என்றால் அதே கைப்பிழை தலையில் 0.3 மில்லிமீற்றர் அளவிலேயே நிற்கும். இரண்டு கோல்களில் ஒன்றை அளவு பொருத்துவதற்கும் மற்றதைச் சரிபார்ப்பதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கோலைக் கொண்டு பொருத்தி அதே கோலைக் கொண்டு சரிபார்ப்பவர், தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துபவராவார்.

உருக்குக் கோலுக்குப் பதிலாகத் தாளில் அச்சிட்ட சதுரக் குறிகளை நான் ஒருமுறை பயன்படுத்தினேன். வீட்டருகே ஒரு கடையில் ஏ4 தாளில் அச்சிட்டுத் தந்தார்கள். 100 மில்லிமீற்றராக இருக்க வேண்டிய கோடு, தாளுக்குள் பொருத்தி அச்சிடும் தெரிவினால் 96 மில்லிமீற்றராகச் சுருங்கியிருந்ததை நான் அளந்து பார்க்கவில்லை. 96 ஐ 100 என்று கணினிக்குச் சொன்னதால் தலை நாலு சதவீதம் பெருத்தது. 150 மில்லிமீற்றர் அகலம் 156 ஆனது. பத்தொன்பது மணிநேரம் அச்சாகிய பின்னரே தெரிந்தது. அளவுகோலையும் அளக்க வேண்டும் என்பதை அந்தத் தலை இன்றும் அலுமாரியில் இருந்து நினைவூட்டுகிறது.

நோயாளி எழுந்து போகுமுன் அவரது தலையைக் கையாலும் அளந்து எழுதிக்கொள்ளவும்: தையல் நாடாவால் தலைச்சுற்றளவு, பெரிய கலிப்பரால் இரு கன்ன எலும்புகளுக்கும் இடையிலான அகலம், மூக்கடியிலிருந்து பின்தலை மேடு வரையிலான நீளம். இந்த மூன்று எண்களும் பின்னர் உங்களைக் காப்பாற்றும்.

கணினியில்

மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் நிழற்படங்களை வாங்கி முப்பரிமாண மேற்பரப்பைத் தரும். அதன் ஆழக் கணிப்புக்கு என்விடியா வரைகலை அட்டை உள்ள கணினி வேண்டும். கிடைக்கும் மேற்பரப்பு இலட்சக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆன வலை. அதை மெஷ் என்பார்கள். மெஷ்லாப் என்ற மற்றோர் இலவச மென்பொருளில் அதைத் திறந்து, நாற்காலி, சுவர், தோள் ஆகியவற்றை வெட்டிவிட்டு, அளவுகோலின் இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கவும். உண்மை நீளத்தை அந்த எண்ணால் வகுத்து, வரும் ஈவால் முழு மெஷ்ஷையும் பெருக்கினால் அலகு மில்லிமீற்றராகும். அச்சிடுவதற்காக மெஷ்ஷைச் சேமிக்கும் எஸ்.ரி.எல். வகைக் கோப்பு அலகைச் சேமிப்பதில்லை என்பதால், கோப்பின் பெயரிலேயே மில்லிமீற்றர் என்று எழுதிவைக்கும் பழக்கம் நல்லது.

காதுக்குப் பின்புறம், மூக்குத் துவாரம், நாடிக்குக் கீழ் போன்ற இடங்களில் ஓட்டைகள் இருக்கும். அவற்றைத் தானாக அடைக்கும் கட்டளை மெஷ்லாப்பில் உண்டு; அது அடைக்கும் விதம் அழகாகவும் இருக்கும். ஆனால் கமரா காணாத இடத்தில் அந்தக் கட்டளை வரைவது அதன் ஊகம் மட்டுமே. அடைக்குமுன் ஓட்டைகளைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்து, அந்த இடங்களில் எந்த அளவீட்டையும் நம்பாமல் இருப்பதே நேர்மை.

நோயாளிக்கு முந்தைய சி.ரி. படம் இருந்து, அதைப் பயன்படுத்த அனுமதியும் இருந்தால், இப்போது இரண்டையும் ஒப்பிடலாம். திரீ-டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் சி.ரி. படத்தைத் திறந்து, தோலின் எல்லையைப் பிரித்தெடுக்கவும். சி.ரி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ்-கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் காற்று −1000, நீர் 0 என்பதால், இடைநடுவான −500 தோலின் எல்லைக்குப் பொருத்தமான தொடக்கப் புள்ளி. 5 மில்லிமீற்றர் தடிப்பான துண்டுகளிலிருந்து வரும் மேற்பரப்பு மாடிப்படி போல இருக்கும்; 1 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கவும். சி.ரி. எடுக்கும்போது தலை தாங்கியில் அழுந்திய பின்பகுதியை ஒப்பீட்டிலிருந்து விலக்கவும்.

இரு மேற்பரப்புகளையும் கிளவுட்கொம்பயர் மென்பொருளில் ஒன்றன்மீது ஒன்று பொருத்தும்போது, அளவையும் சேர்த்துச் சரிசெய்யவா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். அதில் குறியிடக் கூடாது. குறியிட்டால் உங்கள் மெஷ் நாலு சதவீதம் பெருத்திருந்தாலும் மென்பொருள் அதைச் சத்தமின்றிச் சுருக்கிப் பொருத்திவிட்டு, எல்லாம் சரி என்று பச்சை நிறம் காட்டும். சி.ரி. படம் இல்லாதவர்கள் அதே நாளில் இருமுறை படமெடுத்து, இரு மெஷ்களையும் இவ்வாறே ஒப்பிடலாம். உண்மையிலிருந்து எவ்வளவு விலகல் என்பதை அது சொல்லாது. நம் கை எவ்வளவு நிலையானது என்பதைச் சொல்லும்.

பிழைகளைக் கூட்டும் முறையையும் குறிப்பிட வேண்டும். படமெடுப்பில் 1 மில்லிமீற்றர், அளவு பொருத்தலில் 0.3, அச்சில் 0.3 என்று ஒன்றையொன்று சாராத மூன்று பிழைகள் இருந்தால், அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வருவது ஏறத்தாழ 1.1 மில்லிமீற்றர். விலையுயர்ந்த அச்சுப்பொறி வாங்கி 0.3 ஐ 0.1 ஆக்கினாலும் மொத்தம் அநேகமாக மாறாது. பணம் செலவழிக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது இலாபம்.

அச்சிடுதல்

தலையை வெறும் ஓடாக அச்சிட்டுப் பின்னர் நிரப்பப்போகிறோம். ஓட்டின் தடிப்பு 3 மில்லிமீற்றர் போதும். அந்தத் தடிப்பு தோலிலிருந்து உள்நோக்கிப் போக வேண்டும். வெளிநோக்கித் தடிப்பித்தால் தலை எல்லாப் பக்கமும் 3 மில்லிமீற்றர் பெருத்துவிடும். பரவலாகப் பயன்படும் அச்சுப்பொறிகளின் மேடை 220 மில்லிமீற்றர் சதுரம், உயரம் 250 மில்லிமீற்றர் என்பதால், கழுத்துடன் கூடிய பெரியவர் தலையைக் காதுமட்டத்தில் இரண்டாக வெட்டி அச்சிட்டு, அரால்டைட் போன்ற எப்பொக்சிப் பசையால் ஒட்ட நேரும். கழுத்தின் அடியில் நிரப்புவதற்கு ஒரு பெரிய துவாரமும் காற்று வெளியேற ஒரு சிறிய துவாரமும் விடவும்.

சோளமாவுச்சத்து போன்றவற்றிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. இழையே எளிதானது. சுவரை முழுத் திண்மமாக அச்சிட வேண்டும்; உள்ளே இடைவெளி விட்ட சுவர் சி.ரி. படத்தில் தேன்கூடாகத் தெரியும். உலோகத் துகள் கலந்த இழைகள், பித்தளைத் திருகாணிகள் எவையும் வேண்டாம். கொழும்பின் ஈரக் காற்றில் திறந்து வைத்த இழை சில வாரங்களில் ஈரத்தை உறிஞ்சி, அச்சிடும்போது பொரிந்து, நீர் கசியும் சுவரைத் தரும்; சிலிக்கா ஜெல் பொதிகளுடன் மூடிய பிஸ்கற் தகரத்தில் வைத்தால் போதும். நீண்ட அச்சுக்கு யூ.பி.எஸ். அவசியம். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒட்டிய ஓட்டின் உட்புறத்தில் எப்பொக்சிப் பூச்சு ஒன்று பூசிக் காய்ந்ததும், நீர் நிரப்பிப் பத்திரிகைத் தாளின்மீது ஓரிரவு வைக்கவும். தாள் நனையாவிட்டால் கசிவில்லை. இதே நேரத்தில் ஒரு மலிவான, கூர்மையான சோதனையையும் செய்துவிடலாம். நிரம்பிய ஓட்டையும் வெற்று ஓட்டையும் நிறுத்தால் வேறுபாடு உள்ளிருக்கும் நீரின் நிறை. கிலோகிராமுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர். மெஷ்லாப் கணித்த உட்புறக் கனவளவுடன் அதை ஒப்பிடவும். நீளத்தில் ஒரு சதவீதப் பிழை கனவளவில் மூன்று சதவீதமாகப் பெருகும் என்பதால், அச்சில் நேர்ந்த சிறு பிழையும் தராசில் தெரிந்துவிடும். படமெடுப்பின் பிழையை இச்சோதனை காட்டாது. அதற்குத்தான் நோயாளியிடம் எடுத்த மூன்று கையளவுகள்.

நிரப்புதல்

சி.ரி. சோதனைக்கு வெறும் நீரே போதும். எம்.ஆர்.ஐ. இற்கு நீர் மட்டும் போதாது. அது அலையும், அதன் சைகை மூளைத் திசுவினுடையதைப் போலவும் இராது. அகர் கூழ் இரண்டையும் தீர்க்கும். நோன்பு காலத்தில் கொழும்பு முஸ்லிம் வீடுகளில் கடற்பாசி காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் சமையலறை வேலைதான். ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீருக்கு 20 கிராம் அகர் தூள், 4.4 கிராம் உப்பு, 0.25 கிராம் மயில்துத்தம் (செப்பு சல்பேற்று). அகரின் அளவு எம்.ஆர்.ஐ. சைகை மங்கும் வேகத்தைக் காட்டும் டி2 நேரத்தையும், மயில்துத்தம் அது மீளும் வேகத்தைக் காட்டும் டி1 நேரத்தையும் பெரும்பாலும் தீர்மானிக்கும், உப்பு மின்கடத்தலுக்காக. இவை தொடக்க அளவுகளே; உங்கள் கருவியில் அளந்து பார்த்துக் கூட்டிக் குறைக்கவும். மயில்துத்தம் நஞ்சு. அதற்கெனத் தனிப் பாத்திரம், தனி அகப்பை, கையுறை வேண்டும்; அந்தப் பாத்திரம் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது.

அகர் நன்கு கரைய 90 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்க வேண்டும். ஆனால் பி.எல்.ஏ. சுமார் 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் நோயாளியின் மூக்கு உங்கள் கண்முன்னே சரியும். அகரின் நல்ல குணம், அது 40 பாகைக்குக் கீழ் இறங்கும்வரை உறைவதில்லை. ஆகவே வெப்பமானியை வைத்துக்கொண்டு, 50 பாகைக்கு வரும்வரை மெதுவாகக் கிளறி ஆறவிட்டு, குமிழ்களை எடுத்துவிட்டு, ஓட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து ஒரே தொடர்ச்சியாக ஊற்றவும். இரண்டு தவணையாக ஊற்றினால் இடையே ஒரு கோடு விழுந்து படத்தில் தெரியும். உறைந்தபின் துவாரங்களை மெழுகால் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். வெளியே வைத்தால் நம் காலநிலையில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் எடுக்காது. டி1, டி2 நேரங்கள் வெப்பநிலையுடன் மாறுபவை என்பதால், படமெடுப்பதற்கு முந்தைய நாளே அதை வெளியே எடுத்து, ஸ்கான் அறையின் வெப்பநிலைக்கு வரவிட வேண்டும்.

ஃபான்டத்தை எந்த இயந்திரத்தில் வைப்பதாயினும், அப்பிரிவின் பொறுப்பாளரிடமும் ரேடியோகிராபரிடமும் முன்கூட்டியே பேசி, நோயாளிகள் இல்லாத நேரத்தைக் கேட்டுப் பெறவும். எக்ஸ்-கதிர்க் கருவிகள் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவை. அவற்றை இயக்க வேண்டியவர் அதற்குத் தகுதி பெற்றவரே. எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும், தாங்கும் தட்டு உட்பட, அவரிடம் காட்டிய பின்னரே கொண்டுபோகவும். முதற் படம் வந்ததும் அதிலிருந்து வெளி மேற்பரப்பைப் பிரித்தெடுத்து, நோயாளியின் மெஷ்ஷுடன் கிளவுட்கொம்பயரில் ஒப்பிட்டு, விலகலின் இடைநிலை எண்ணையும், 95 சதவீதப் புள்ளிகள் அடங்கும் எல்லையையும் எழுதிவைக்கவும். சராசரியை மட்டும் எழுதினால், ஒரு காது முழுதாகத் தவறியிருப்பதும் அதற்குள் மறைந்துவிடும்.

ஓட்டின் அடியில் இலக்கம், திகதி, நிரப்பிய கலவை ஆகியவற்றை எழுதவும். பெயரை எழுத வேண்டாம். இலக்கத்தையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறிடத்தில், பூட்டிய நிலையில் இருக்கட்டும். ஆய்வு முடிந்தாலோ நோயாளி சம்மதத்தை மீளப்பெற்றாலோ கோப்புகளை அழிப்பதுடன் ஓட்டையும் உடைக்க வேண்டும். கூழை வெளியே எடுத்து, மயில்துத்தம் கலந்தது என்பதால் ஆய்வுகூட இரசாயனக் கழிவுடன் சேர்க்கவும். முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு ஓட்டைத் துண்டுகளாக வெட்டிய பின்னரே குப்பைக்கு அனுப்பவும்.